வேலைச் சந்தைத் தரவைப் பார்த்துத் தொழில் தேடுவது எப்படி? செட்டிநாட்டுப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் பிளஸ் டூ முடிவு வந்த கையோடு தொடங்கும் கேள்விகள் இவை. பட்டம் முடித்தவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் கேட்பவையும் சேர்ந்திருக்கின்றன. கேட்ட வாக்கிலேயே போட்டிருக்கிறேன்.

தெரிஞ்சவங்க சொல்றதைக் கேட்டாப் போதாதா? புள்ளிவிவரமெல்லாம் எதுக்கு?

தாராளமாகக் கேளுங்கள். ஆனால் அவர் சொல்வது அவருக்கு நடந்த கதை. அதுவும் பெரும்பாலும் வென்றவர்தான் வந்து சொல்வார். பெங்களூரில் எட்டு மாதம் அலைந்துவிட்டுத் திரும்பியவர் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து அதைப் பேச மாட்டார். ஆகவே ஊரில் நம் காதுக்கு வருவது எல்லாமே ஜெயித்த கதை. ஜெயிக்காதவர்களையும் சேர்த்து எண்ணுவதற்குத்தான் கணக்கெடுப்பு.

இந்த ஊருக்கு இது புதுப் பழக்கமும் இல்லை. நகரத்தார் பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன காலத்தில், ரங்கூனில் கடைக்காரர்கள் கூடிப் பேசித்தான் நடப்பு வட்டியை முடிவு செய்தார்கள். ஒருவர் ஊகத்தில் கடையை நடத்தவில்லை. ஊரில் இருந்த முதலாளி, அங்கே கடையை நடத்திய ஏஜெண்டு நல்லவர் என்பதற்காகக் கணக்கைக் கேட்காமல் விடவும் இல்லை. ஐந்தொகை, அதாவது வரவும் கடனும் அடங்கிய முழுக் கணக்கு, வந்தாக வேண்டும். பிள்ளையின் படிப்புக்கு நாலைந்து லட்சம் செலவழிக்கும் வீட்டில் அந்த அளவு விசாரணையாவது நடக்கலாம்.

இந்தத் தரவெல்லாம் எங்கே கிடைக்கும்? காசு கட்டணுமா?

வேண்டாம். முக்கியமானவை எல்லாம் இலவசம்.

முதலில் ஒன்றிய அரசின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு. சுருக்கமாக பி.எல்.எஃப்.எஸ். 2017-இல் தொடங்கியது. வீடு வீடாகப் போய் யார் என்ன வேலை செய்கிறார்கள், எவ்வளவு கிடைக்கிறது என்று கேட்கிறார்கள். ஆண்டறிக்கை தவிர, 2025-லிருந்து மாதந்தோறும் ஒரு சுருக்க அறிக்கையும் வருகிறது. அடுத்து, வருங்கால வைப்பு நிதி அமைப்பு மாதாமாதம் வெளியிடும் பி.எஃப். சம்பளப் பட்டியல் தரவு. பதிவு பெற்ற தொழிற்சாலைகளுக்கு ஆண்டுத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பு இருக்கிறது. தொழிற்சாலை எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம் என்று செய்தியில் வருவது இதிலிருந்துதான். விளம்பரமாகும் வேலைகளைப் பார்க்க ஒன்றிய அரசின் வேலைவாய்ப்புத் தளமான என்.சி.எஸ்., தமிழ்நாடு அரசின் தனியார் வேலை இணையம். கல்லூரிகளுக்கு ஒன்றிய அரசின் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப்.; அது தனிக் கதை, கீழே வருகிறது.

எல்லாவற்றையும் படிக்கத் தேவையில்லை. எந்தக் கேள்விக்கு எதைத் திறப்பது என்று தெரிந்தால் போதும்.

வேலையின்மை 3.2 சதவீதம்தான் என்கிறார்கள். எங்கள் தெருவிலேயே எம்.எஸ்சி. முடித்த பிள்ளைகள் சும்மா இருக்கிறார்களே, பொய் சொல்கிறார்களா?

பொய் இல்லை. ஆனால் அந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் நம்பவும் கூடாது, திட்டவும் கூடாது.

2023-24 ஆண்டறிக்கையின்படி 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் வேலையின்மை 3.2 சதவீதம். அதே அறிக்கையில் 15 முதல் 29 வயதுக்காரர்களை மட்டும் எடுத்தால் 10.2 சதவீதம். உங்கள் பிள்ளைக்குப் பொருந்துவது இரண்டாவது எண். ஐம்பது வயது விவசாயி வேலையில்லாமல் இருப்பது அபூர்வம். அவரையும் சேர்த்து வகுத்தால் விகிதம் இறங்கத்தான் செய்யும்.

அப்புறம், வகுப்பது ஊரில் உள்ள எல்லாரையும் வைத்து இல்லை. வேலையில் இருப்பவர்கள், வேலை தேடுபவர்கள், கிடைத்தால் செய்யத் தயாராக இருப்பவர்கள் இவ்வளவு பேரைத்தான் வைத்து. பயிற்சி மையத்தில் சேர்ந்து குரூப் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் பையன் பல சமயம் மாணவர் கணக்கில் போய்விடுவான். வேலை தேடி அலுத்துப்போய் வீட்டில் இருக்கும் பெண் வீட்டு வேலை பார்ப்பவர் என்று எழுதப்படலாம். இருவருமே 'வேலையில்லாதவர்' பட்டியலில் இல்லை.

வேலையில் இருப்பவர் யார் என்பதிலும் கதை உண்டு. கடந்த வாரத்தை மட்டும் கேட்கும் நடப்பு வார முறையில் (மேலே சொன்ன 3.2 இந்த முறையில் வந்ததல்ல), கடந்த 7 நாளில் ஏதாவது ஒரு நாளில் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே அவர் வேலையில் இருப்பவர். அப்பாவின் பலசரக்குக் கடையில் சம்பளமில்லாமல் உட்கார்ந்திருக்கும் எம்.எஸ்சி. பட்டதாரியும் சுயதொழில் கணக்கில் வருவார். 2023-24-இல் வேலை செய்பவர்களில் 58.4 சதவீதம் பேர் சுயதொழில், மாதச் சம்பளக்காரர்கள் 21.7 சதவீதம்தான். மாதச் சம்பளம் தேடும் ஒருவர் பார்க்க வேண்டிய எண் இந்த 21.7. வேலையின்மை விகிதத்தைவிட எனக்கு இதுதான் அதிகம் சொல்கிறது.

சிவகங்கை மாவட்டத்துக்குத் தனி எண் இருக்கிறதா?

இருந்தாலும் அதன்மேல் ரொம்பச் சாய்ந்துவிடாதீர்கள். 2023-24 கணக்கெடுப்பில் நாடு முழுக்கப் பார்த்த வீடுகள் சுமார் 1.02 லட்சம். நாட்டில் எழுநூறுக்கு மேல் மாவட்டங்கள். வகுத்துப் பாருங்கள், மாவட்டத்துக்குச் சராசரியாக நூற்று நாற்பது வீடு வரலாம். அதில் எத்தனை வீட்டில் பட்டதாரி இருப்பார், அதில் எத்தனை பேர் பி.எஸ்சி. வேதியியல்? விரல் விட்டு எண்ணிவிடலாம். அதை வைத்துச் சதவீதம் போட்டால் ஒருவர் இடம் மாறினாலே எண் தலைகீழாகும். 2025 முதல் வீடுகளின் எண்ணிக்கையை 2.7 லட்சம் அளவுக்கு உயர்த்தி, மாவட்டத்தையே அடிப்படை அலகாக வைத்து மாதிரி எடுக்கிறார்கள். முன்னேற்றம்தான். ஆனாலும் 'காரைக்குடியில் கணக்காளர் வேலை எப்படி' என்ற கேள்விக்கு அது பதில் சொல்லாது.

இன்னொன்று, செட்டிநாடு என்பது மாவட்டம் இல்லை. பெரும்பாலான ஊர்கள் சிவகங்கையிலும் மீதி புதுக்கோட்டையிலும் கிடக்கின்றன. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வட்டம், ஊர் வரைக்கும் தகவல் உண்டு, ஆனால் கடைசியாக முடிந்தது 2011. அடுத்ததின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1.

ஆக, மாநில எண்ணை வைத்துத் திசையைப் பாருங்கள். ஊர்க் கணக்கை நாமே எடுக்க வேண்டியதுதான்.

நாமே எப்படி எடுக்கிறது? நம்ம என்ன அரசாங்கமா?

ஒரு நோட்டு, ஒரு பேனா, கொஞ்சம் வெட்கத்தை விடுவது. நான் இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைச் செய்யச் சொல்வதென்றால் இதைத்தான் சொல்வேன்.

தனியார் வேலை இணையத்தில் சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரை, திருச்சி என்று நாலு மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்து, நீங்கள் யோசிக்கும் வேலையைத் தேடுங்கள். எத்தனை விளம்பரம், என்ன தகுதி, எவ்வளவு சம்பளம் என்று எழுதுங்கள். வாரம் ஒரு தடவை, இரண்டு மூன்று மாதம். ஒரு விளம்பரத்தில் பத்து தகுதி கேட்பார்கள். முப்பது விளம்பரத்தை அடுக்கினால் திரும்பத் திரும்ப வருவது மூன்றோ நாலோதான் என்று தெரியும். கணக்காளர் வேலைக்கு டேலியும் ஜி.எஸ்.டி. ரிட்டர்னும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணினாலே எந்தப் பயிற்சிக்குப் பணம் கட்டலாம் என்பது புரிந்துவிடும்.

விளம்பரமே ஆகாத வேலைகள் இங்கே நிறைய. காரைக்குடி செக்காலை ரோட்டில் நடந்தால் கடைக்குக் கடை 'ஆட்கள் தேவை' தொங்கும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் ஒரு மாதம் கழித்து மறுபடி போய்ப் பாருங்கள். அதே கடையில் அதே அட்டை வருடம் முழுக்கத் தொங்கினால், அங்கே வேலை நிறைய இருக்கிறது என்று அர்த்தமில்லை. சேர்ந்தவர்கள் நிற்கவில்லை. இணையத்திலும் இதேதான், ஒரே நிறுவனம் மாதாமாதம் ஐம்பது பேரைத் தேடுகிறது என்றால், போன மாதம் சேர்ந்த ஐம்பது பேர் எங்கே என்று கேட்க வேண்டும்.

ஆத்தங்குடி தரைக்கல் தொழிலை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடித் தட்டின்மேல் வண்ணக் கலவையை ஊற்றி, சிமென்டும் மணலும் போட்டு, சூளையில் வைக்காமல் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் கைவேலை. நகரங்களில் வீடு கட்டுகிறவர்கள் தேடி வாங்குகிறார்கள். உடனே 'நல்ல கிராக்கி, பிழைக்கலாம்' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கல்லுக்குக் கிராக்கி என்பது வேறு, கல் போடுபவரின் கூலி என்பது வேறு. பட்டறையில் போய்க் கேட்க வேண்டியது: கூலி கல்லுக்கா, நாளுக்கா? மழைக்காலத்தில் எப்படி? ஐந்து வருடம் அனுபவம் உள்ளவருக்கும் புதிதாய் வந்தவருக்கும் வித்தியாசம் எவ்வளவு? கல்லை உடையாமல் அனுப்புவது, இணையத்தில் ஆர்டர் பிடிப்பது, வாங்கியவர் வீட்டில் போய்ப் பதித்துக் கொடுப்பது இதையெல்லாம் யார் செய்கிறார்கள், அவர்களுக்கு என்ன கிடைக்கிறது? சில சமயம் தொழிலின் மையத்தைவிட அதன் ஓரத்தில் நல்ல வேலை இருக்கும்.

கானாடுகாத்தான், காரைக்குடியில் பழைய வீடுகளை ஓட்டலாக மாற்றியிருக்கிற இடங்களுக்கும் இதே கேள்விகள். கூட ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: வெளிநாட்டுப் பயணிகள் வராத சித்திரை, வைகாசியில் எத்தனை பேரை வைத்துக்கொள்கிறார்கள்?

என் மகன் 'செஃப்' ஆகணும்ங்கிறான். சமையல்காரர்னா வேண்டாம்ங்கிறார் அவங்கப்பா. ரெண்டும் ஒண்ணா வேறயா?

அரசின் கணக்கில் வேறு. 2015-இன் தேசியத் தொழில் வகைப்பாடு என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் எட்டு இலக்க எண். முதல் இலக்கம் பெரும்பிரிவு. செஃப் 3434-இல் வருவார், அதாவது மூன்றாம் பிரிவு, தொழில்நுட்பப் பணியாளர்களோடு. சமையல்காரர் 5120, ஐந்தாம் பிரிவு, சேவைப் பணிகள். மெனு வகுப்பது, ஆள்களை மேற்பார்வை பார்ப்பது, செலவுக் கணக்கு இதெல்லாம் முதலாமவர் தலையில். ஆனால் ஆயிரம் இலைக்குச் சமைத்து, பத்து இருபது ஆட்களை வேலை வாங்கி, சாமான் பட்டியல் போட்டு மிச்சமாகாமல் முடிக்கும் நம் ஊர் சமையல் மாஸ்டர் எந்த எண்ணில் வருவார்? கணக்கெடுக்க வருபவர் எதை எழுதினாரோ அதில்.

இதனால்தான், ஒரு பெயரில் மட்டும் தேடி 'வேலையே இல்லை' என்று மூடிவிடாதீர்கள். குறியீட்டைப் பார்த்து அக்கம்பக்கத்துப் பெயர்களையும் தேடுங்கள். கணினி வேலைகளில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். டேட்டா அனலிஸ்ட், எம்.ஐ.எஸ். எக்ஸிக்யூட்டிவ், ரிப்போர்ட்டிங் அசோசியேட் என்று மூன்று பெயரில் விளம்பரம் வரும், உள்ளே ஒரே எக்செல் ஷீட்.

அப்பாவின் கவலைக்கு ஒரு வார்த்தை: கேட்டரிங் படிப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன் பையனை இரண்டு முகூர்த்தத்துக்கு ஒரு சமையல் மாஸ்டரோடு அனுப்பிப் பாருங்கள். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து நிற்கிறானா என்பது எந்தக் கணக்கெடுப்பிலும் வராத தகவல்.

கல்லூரியில் 'அதிகபட்ச பேக்கேஜ் 30 லட்சம்' என்று பேனர் வைத்திருக்கிறார்கள். நம்பலாமா?

நம்பலாம், யாரோ ஒருவருக்குக் கிடைத்திருக்கும். உங்களுக்கு அதனால் என்ன?

பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு ஆண்டுக்கு 3 லட்சம், ஒருவருக்கு 33 லட்சம் என்று வையுங்கள். சராசரி 6 லட்சம். அந்த 6 லட்சம் பத்துப் பேரில் ஒருவர் கைக்கும் வரவில்லை. வரிசையாக நிற்கவைத்து நடுவில் இருப்பவர் சம்பளத்தைக் கேட்டால் 3 லட்சம். அதுதான் இடைநிலைச் சம்பளம். கேட்க வேண்டியது அதை.

கேட்டால் சொல்வார்களா? என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள் தாங்கள் கொடுத்த தரவைத் தங்கள் இணையதளத்திலேயே போட வேண்டும். பல கல்லூரிகளில் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் 'என்.ஐ.ஆர்.எஃப்.' என்று ஒரு இணைப்பு இருக்கும். திறந்தால் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, அவர்களின் இடைநிலைச் சம்பளம், எத்தனை பேர் மேற்படிப்பு என்று மூன்று ஆண்டுகளுக்கு அட்டவணை கிடைக்கும். பேனரைவிட இது நூறு மடங்கு உபயோகம்.

இங்கேயும் வகுப்பதைக் கவனியுங்கள். இடைநிலைச் சம்பளம் வேலை கிடைத்தவர்களுக்கு மட்டும். நூறு பேர் முடித்து முப்பது பேருக்கு வேலை என்றால், நீங்கள் பார்க்கும் எண் அந்த முப்பது பேரின் நடு ஆளுடையது. அப்புறம் பேக்கேஜ் என்பதில் பி.எஃப்., காப்பீடு, ஊக்கத்தொகை எல்லாம் சேர்த்திருப்பார்கள். கைக்கு வருவது எவ்வளவு, சென்னையில் விடுதிக்குப் போக மீதி எவ்வளவு என்று போன வருடம் முடித்த ஒருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அரசு வேலைக்குப் படிக்கலாமா?

படிக்கலாம், ஆனால் விகிதத்தைத் தெரிந்துகொண்டு. 2024-இல் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-க்கு முதலில் அறிவித்தது 6,244 இடம். விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கு மேல். பின்னால் இடங்களை 9,491 வரை கூட்டினார்கள். அப்படியும் ஓர் இடத்துக்கு இருநூறு பேருக்கு மேல்.

விண்ணப்பித்த எல்லாரும் எழுதுவதில்லை, எழுதியவர்களில் பாதிப் பேர் சும்மா எழுதிப் பார்ப்பவர்கள் என்று பயிற்சி மையத்தில் சொல்வார்கள். சரி, நாலில் ஒருவர்தான் நிஜமாகப் படித்தவர் என்றே வைப்போம். ஓர் இடத்துக்கு ஐம்பது பேர். அந்த ஐம்பதில் முதலாவதாக வர எத்தனை வருடம் கொடுக்கப்போகிறோம் என்பதை வீட்டில் உட்கார்ந்து முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள். நாலாவது வருடத்தில் பேசினால் அது சண்டையாகத்தான் முடியும்.

ஒரே மாதத்தில் லட்சக்கணக்கில் புதிய வேலை என்று செய்தி வருகிறதே?

பி.எஃப். தரவு. புதிதாகக் கணக்கில் சேர்ந்தவர்கள், விலகியவர்கள், விலகித் திரும்பியவர்கள் எல்லாரையும் கூட்டிக் கழித்த எண். ஒரு நிறுவனத்தில் 19 பேர் இருந்து 20-ஆவது ஆள் சேர்ந்ததும் பி.எஃப். கட்டாயமாகிறது; ஒரு வேலை கூடியது, கணக்கில் இருபது பேர் கூடினார்கள். பின்வரும் மாதங்களில் திருத்தமும் வரும். மொத்த எண்ணை விட்டுவிட்டு, 18–21, 22–25 வயதுப் பிரிவுகளில் எந்தத் துறையில் ஆள் சேர்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள்.

என் மகளுக்குப் பக்கத்திலேயே வேலை வேணும். தரவு ஏதாவது சொல்லுமா?

பெண்கள் வேலைக்கு வருவது கூடியிருக்கிறது என்று சொல்லும். பி.எல்.எஃப்.எஸ். கணக்கில் 2017-18-இல் 23.3 சதவீதம், 2023-24-இல் 41.7 சதவீதம். ஆனால் கூடியதில் பெரும்பகுதி சுயதொழிலும் சம்பளமில்லாத குடும்ப வேலையும். ஆகவே இந்த எண்ணைக் காட்டி யாராவது 'வேலை கொட்டிக் கிடக்கு' என்றால் தலையாட்டாதீர்கள்.

ஆச்சி, நீங்கள் கேட்பதற்கு வரைபடமும் பஸ் நேரமும்தான் வேண்டும். வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய இடங்களைக் குறியுங்கள். காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகம், மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான செக்ரி, வங்கிக் கிளைகள், மருத்துவமனைகள், பள்ளிகள், ஆடிட்டர் அலுவலகங்கள். செக்ரியில் திட்டப் பணிக்கு ஒப்பந்த அடிப்படையில் ஆள் எடுக்கும்போது இணையதளத்தில் அறிவிப்பார்கள். வேதியியல் படித்த பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்ததும் என்ன என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். மகளிடமும் ஒரு தடவை கேட்டுவிடுங்கள், பக்கத்தில் இருப்பது அவருடைய விருப்பமா என்று.

சிங்கப்பூர் போனால் என்ன சம்பளம் என்று இணையத்தில் இருக்கிறதே?

இருக்கிறது. சிங்கப்பூர் மனிதவள அமைச்சு தொழில்வாரியாக இடைநிலைச் சம்பளம் வெளியிடுகிறது, ரொம்ப நேர்த்தியான அட்டவணை. ஆனால் அது அந்நாட்டுக் குடிமக்கள், நிரந்தரவாசிகளின் சம்பளம். வொர்க் பெர்மிட்டில் போகும் நம் பையன் அந்தக் கணக்கிலேயே இல்லை. அந்த எண்ணைக் காட்டி ஏஜெண்டு பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். ஏஜெண்டு பதிவு பெற்றவரா என்று ஒன்றிய அரசின் இமைக்ரேட் தளத்தில் பார்க்கலாம்; சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும், அதற்குமேல் கேட்க அவருக்கு உரிமை கிடையாது.

ஏ.ஐ. வந்து எல்லா வேலையும் போயிடும்ங்கிறாங்க. எதைப் படிக்கச் சொல்றது?

பத்து வருடம் கழித்து எது இருக்கும் என்று அடித்துச் சொல்பவரிடம் பணம் கட்டாதீர்கள். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை பத்தாண்டுக் கணிப்பை வெளியிட்டு அதை ஆண்டுதோறும் திருத்துகிறது, அவர்களே திருத்துகிறார்கள். அது அந்த நாட்டுக்கான கணிப்பும்கூட.

ஆனால் அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஓ-நெட் என்ற தளம் நமக்கும் பயன்படும். ஒரு வேலையைத் தட்டினால் அதில் அன்றாடம் செய்யும் காரியங்களைப் பட்டியலிடும். சம்பளப் பகுதியைத் தாண்டிவிட்டுக் காரியங்களை மட்டும் படியுங்கள். கணக்காளர் வேலையில் பில்லைப் பதிவது ஒரு காரியம், வரி அதிகாரிக்குப் பதில் சொல்வது இன்னொரு காரியம். மென்பொருள் முதலாவதை ஏற்கெனவே தின்றுகொண்டிருக்கிறது. இரண்டாவதற்கு இன்னும் ஒரு ஆள் போய் உட்கார வேண்டியிருக்கிறது. பிள்ளை எந்தப் பக்கம் பழகுகிறான் என்று பாருங்கள்.

எவ்வளவு நாளைக்கு ஒரு தடவை இதையெல்லாம் பார்க்கணும்?

பி.எல்.எஃப்.எஸ். ஆண்டறிக்கை வரும்போது ஒரு தடவை. மாத எண் ஏறி இறங்குவது பருவத்தாலும் இருக்கும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். கல்லூரி அட்டவணையை விண்ணப்பம் போடுமுன். உங்கள் நோட்டை மட்டும் வாராவாரம்.